இலவசச் சமையல் குறிப்புக்குள் இருக்கும் அறிவியல்

கைப்பேசியில் 'வத்தக்குழம்பு செய்வது எப்படி' என்று தட்டுகிறோம். ஒரு நொடி ஆவதற்குள் படங்களும் நட்சத்திர மதிப்பெண்களும் 'தயாராக 40 நிமிடம்' என்ற குறிப்பும் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. பத்துப் பைசா யாரும் கேட்பதில்லை. இதெல்லாம் எப்படி இலவசமாகக் கிடைக்கிறது? அந்த 40 நிமிடத்தை யார் அளந்தார்கள்? முதலில் வருவதுதான் நல்ல குறிப்பா? இந்தக் கேள்விகளைத் தொட்டால் சட்டம், கணிதம், கணினியியல், நுண்ணுயிரியல் என்று ஒரு பெரிய உலகமே அடுப்படியில் திறக்கிறது. அந்த உலகம் இயங்கும் விதம் கொஞ்சம் பிடிபட்டுவிட்டால், நல்ல குறிப்பையும் மோசமான குறிப்பையும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பிரித்துவிடலாம்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1996இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் முன் ஒரு விசித்திரமான வழக்கு வந்தது. தயிரை வைத்துச் செய்யும் பதார்த்தங்களுக்காக ஒரு பதிப்பகம் புத்தகம் போட்டிருந்தது. கிட்டத்தட்ட அதே பதார்த்தங்களை இன்னொரு பதிப்பகமும் வெளியிட்டது. இது திருட்டா? இல்லை என்றது நீதிமன்றம். எந்தப் பொருள் எவ்வளவு, எதற்குப் பின் எதைச் செய்வது என்பதெல்லாம் ஒரு செயல்முறை. செயல்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் ஒரு நாடகமும் திரைப்படமும் மோதிய வழக்கில், கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அதை வெளிப்படுத்தும் விதம்தான் சொந்தம் என்ற கொள்கையை உறுதிசெய்தது. ஆகவே சாம்பாருக்கான பொருள் பட்டியலை யாரும் பூட்டி வைக்க முடியாது. அதைச் சுற்றி ஒருவர் எழுதிய விவரணையும் எடுத்த புகைப்படமும் அவருக்கே சொந்தம். சமையல் குறிப்புகள் இணையத்தில் இவ்வளவு தாராளமாக உலவுவதற்கு அடித்தளம் இந்தப் பிரிவினைதான்.

குறிப்பின் வடிவமும் ஒரே நாளில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் 25 குழம்பு வகைகள். பெரும்பாலும் பொருள்களின் பெயர்தான். எவ்வளவு, எத்தனை நேரம் என்ற பேச்சே இல்லை. 1845இல் இங்கிலாந்தின் எலைஸா ஆக்டன், பொருள்களையும் அளவையும் நேரத்தையும் தனியே பட்டியலிட்டு எழுதினார். 1896இல் அமெரிக்காவின் ஃபானி ஃபார்மர், கரண்டியில் குவித்து எடுக்காமல் தலை தட்டி எடுக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பிரபலமாக்கினார். தமிழில் 1951இல் எஸ்.மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்', புதிதாகக் குடித்தனம் தொடங்கிய தலைமுறைகளுக்கு அடுப்படி ஆசானாக இருந்தது. பொருள், அளவு, செய்முறை என்று இன்று நாம் இயல்பாக எதிர்பார்க்கும் வரிசை, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லச் செதுக்கப்பட்டது.

தேடுபொறி எப்படிப் படிக்கிறது?

நாம் தேடும் நேரத்தில் தேடுபொறி உலகத்து இணையப் பக்கங்களை எல்லாம் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. அந்த வேலையை முன்பே முடித்துவிடுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் 'இது எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது' என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். இதைத் தலைகீழ் அட்டவணை என்பார்கள். பக்கத்திலிருந்து சொல்லுக்குப் போகாமல், சொல்லிலிருந்து பக்கத்துக்குப் போகும் அட்டவணை. 'கத்திரிக்காய் புளி' என்று கேட்டால் இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக இருக்கும் பக்கங்களைப் பொறுக்கி எடுத்தால் போதும். இதில் நமக்கும் ஒரு வித்தை உண்டு. வெங்காயம் சேர்க்காத வீடாக இருந்தால், வெங்காயம் என்ற சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டுத் தேடிப் பாருங்கள். வெங்காயப் பட்டியலில் இருக்கும் பக்கங்கள் பெருமளவு கழிந்துவிடும். வீட்டில் இருக்கும் மூன்று பொருள்களைத் தட்டித் தேடினால், கடைக்கு ஓடாமல் சமைக்க ஏதாவது அகப்படும்.

ஆனால் இயந்திரத்துக்கு ஒரு சிக்கல். '2' என்ற எண்ணைப் பார்த்தால் அது இரண்டு தக்காளியா, இரண்டு நிமிடமா, இரண்டு பேருக்கா? நமக்குச் சூழல் சொல்லிவிடும். கணினிக்கு 2011 வாக்கில் அது கடினம். அந்த ஆண்டு ஜூன் மாதம், கடும் போட்டியாளர்களான கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து 'ஸ்கீமா' என்ற பொது வடிவத்தை அறிவித்தன. பக்கத்தை எழுதுபவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியில் உணவின் பெயர், பொருள்கள், ஆயத்த நேரம், சமைக்கும் நேரம், எத்தனை பேருக்கு என்று தனித்தனியாக நிரப்பி வைப்பார். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கிண்ணம் என்பது போல, ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் அறை. இதற்குக் கட்டமைத்த தரவு என்று பெயர். அதாவது இயந்திரம் குழம்பாமல் எடுத்துக்கொள்ளும்படி வகை பிரித்த தகவல்.

அந்த அறை ஒன்றை நெருங்கிப் பார்த்தால் 'பிடி1எச்30எம்' என்பது போன்ற ஒரு சங்கேதம் தென்படும். 'பி' என்றால் கால அளவு, 'டி' என்றால் இனி வருவது மணிக்கணக்கு, அப்புறம் 1 மணி, 30 நிமிடம். நேரத்தை எழுத உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட தர முறை இது. நாம் பார்க்கும் பக்கத்தில் தமிழ் இருக்கலாம், ஜப்பானிய மொழி இருக்கலாம்; உள்ளே அந்தச் சங்கேதம் ஒன்றுதான். ஆகவேதான் 'அரை மணிக்குள் முடியும் சமையல்' என்று கேட்டாலும் இயந்திரத்தால் பிரித்தெடுத்துத் தர முடிகிறது. ஆனால் கவனிக்க வேண்டிய செய்தி இதற்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரத்தை இயந்திரம் கணக்கிடவில்லை; சமைத்துச் சரிபார்க்கவும் இல்லை. பக்கத்தை எழுதியவர் எதைத் தட்டினாரோ அதுவே நம் திரைக்கு வருகிறது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு வெங்காயம் ஓர் உதாரணம். வெங்காயத்தை மெல்லிய தீயில் பழுப்பாகவும் இனிப்பாகவும் வதக்க முக்கால் மணி வரை ஆகும். ஆனால் ஏராளமான மேற்கத்தியக் குறிப்புகள் 5 அல்லது 10 நிமிடம் என்றே எழுதிவந்தன. டாம் ஸ்கோக்கா என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2012இல் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். 2017இல் கூகுளிடம் வெங்காயம் பழுப்பாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், அவருடைய கட்டுரையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, சுமார் 5 நிமிடம் என்று பதில் காட்டியது. எந்தப் பொய்யை அவர் மறுத்தாரோ அதையே அவர் பெயரில் விடையாகக் கொடுத்துவிட்டது இயந்திரம்! அவர் அதைப் பற்றியும் எழுத வேண்டியதாயிற்று. தேடல் முடிவுகளின் பெட்டிக்குள் தெரியும் விடையை மட்டும் நம்பாமல், பக்கத்தைத் திறந்து முழுக் குறிப்பையும் வாசிப்பது நல்லது.

இலவசத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

பக்கத்தைத் திறந்தால் நீண்ட கதை, நடுநடுவே விளம்பரம், அதற்கெல்லாம் கீழே குறிப்பு. நாம் கொடுக்காத காசை விளம்பரதாரர்கள் கொடுக்கிறார்கள். பல தளங்களில் பக்கம் திறக்கும் அந்தக் கணத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. 'இப்போது ஒருவர் பிரியாணிக் குறிப்பைத் திறந்திருக்கிறார், இந்த இடத்துக்கு யார் எவ்வளவு தருவீர்கள்' என்று கணினிகள் கணினிகளிடம் கேட்டு, விலை பேசி முடிக்க ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. பக்கம் நீளமானால் விளம்பரத்துக்கு இடம் கூடுகிறது; எழுத்து கூடினால் தேடுபொறிக்கும் படிக்கத் தீனி கிடைக்கிறது. கதை நீள்வதன் பொருளாதாரம் இதுதான். அந்த வருமானத்தில்தான் ஒரே கேக்கைப் பலமுறை செய்து பார்த்து எழுதும் உழைப்பாளிகளும் வாழ்கிறார்கள்.

நேரமில்லாதவர்களுக்கு வழி இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் மேலேயே 'குறிப்புக்குச் செல்' என்ற பொத்தான் உண்டு. அச்சிடும் பொத்தானை அழுத்தினால் விளம்பரமற்ற சுத்தமான பக்கம் வரும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். தகவல்கள் தனித்தனி அறைகளில் இருப்பதால், பக்கத்தின் முகவரியைக் கொடுத்தாலே பொருள் பட்டியலையும் செய்முறையையும் மட்டும் உறிஞ்சி எடுத்துச் சேமிக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. மீலி, டாண்டூர் போன்றவை இலவசம் மட்டுமல்ல, அவற்றின் நிரல்களையும் யாரும் பார்க்கலாம், திருத்தலாம். தேடுபொறிகள் தங்கள் வசதிக்காகக் கொண்டுவந்த ஒழுங்கு, வீட்டுச் சமையல்காரருக்குச் சொந்தக் குறிப்பேடாக மாறிவிட்டது.

அடுத்தது நட்சத்திரம். ஒரு குறிப்புக்கு இரண்டு பேர் 5 நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள்; சராசரி 5. இன்னொன்றுக்கு 900 பேர் கொடுத்ததில் சராசரி 4.6. எதைச் செய்வது? இதற்குக் கணிதத்தில் பேய்சியன் சராசரி என்ற அழகான வழி இருக்கிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் ஏற்கெனவே பத்துப் பேர் 4 நட்சத்திரம் கொடுத்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் குறிப்பின் மொத்தம் 50, பேர் 12, சராசரி 4.17 ஆக இறங்கிவிடும். இரண்டாவதன் மொத்தம் 4,180, பேர் 910, சராசரி 4.59. பலர் செய்து பார்த்தது அசையாமல் நிற்கிறது. இரண்டு பேரின் பாராட்டு கரைந்துவிடுகிறது. காகிதம்கூட வேண்டாம், மனக்கணக்காகவே போடலாம்.

அளவு என்னும் பெரும் புதிர்

'ஒரு கப் மாவு' என்கிறது குறிப்பு. எந்த நாட்டுக் கப்? ஆஸ்திரேலியாவில் 250 மில்லி. அமெரிக்காவில் ஏறக்குறைய 237 மில்லி. உணவுப் பொட்டலங்களில் அச்சிடும்போது 240. ஜப்பானியச் சமையலில் 200. மின்சார ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. நமக்கும் இது புதிதல்ல. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி என்ற வாய்ப்பாடு ஒன்றாக இருந்தாலும், படியின் கொள்ளளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. இன்று இணையம் அத்தனை நாட்டுக் கப்புகளையும் ஒரே திரையில் கலந்து கொட்டுகிறது. குறிப்பு எந்த ஊரில் எழுதப்பட்டது என்று பார்ப்பது ஆராய்ச்சியாளரின் வேலை மட்டுமல்ல. கேக் உப்ப வேண்டும் என்று விரும்பும் எல்லோருக்கும் அது தேவை.

கப் ஒன்றாகவே இருந்தாலும் புதிர் தீராது. மாவு தூள்களால் ஆனது. தூள்களுக்கு இடையே காற்று. மெல்லத் தூவி நிரப்பினால் ஒரு கப் மைதா 120 கிராம் இருக்கும். அதே கப்பை மாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 கிராமைத் தொடும். கால் பங்கு வித்தியாசம்! அதாவது நான்கு கப் கேட்கும் ரொட்டிக்கு நாம் அறியாமலே ஐந்து கப் போட்டுவிடுகிறோம். கிராமில் எழுதிய குறிப்பில் இந்தக் கோளாறு எழவே எழாது. நல்ல குறிப்பின் முதல் இலக்கணம் இங்கே கிடைக்கிறது: அளவு எடையில் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் கப் எத்தனை மில்லி என்றாவது சொல்லியிருக்க வேண்டும்.

பல தளங்களில் 'இரண்டு மடங்கு', 'மூன்று மடங்கு' என்ற பொத்தான்கள் உண்டு. அழுத்தினால் எல்லா எண்களும் பெருகிவிடும். ஆனால் ஆவி அப்படிப் பெருகுவதில்லை. திறந்த பாத்திரத்தில் சோறு வடிக்காமல் வேகும்போது, அரிசி குடிக்கும் தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்தது; ஆவியாகப் போகும் தண்ணீர் பாத்திரத்தின் வாய் அகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது. அதே பாத்திரத்தில் அரிசியை இரட்டித்தால் முதல் பங்கை இரட்டிக்க வேண்டும். இரண்டாவது பங்கு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பொத்தானோ இரண்டையும் சேர்த்து இரட்டிக்கிறது. விளைவு, குழைந்த சோறு. விருந்துக்குப் பெரிய அளவில் செய்யும்போது தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த இயற்பியலைக் கையால் அறிந்தவர்கள்.

விசிலும் மலையும் மாவும்

'மூன்று விசில் விடவும்' என்பது இந்தியச் சமையலுக்கே உரிய நேர அலகு. குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை செல்சியஸ் வரை சூடேறும். துவரம்பருப்பு சீக்கிரம் குழைவது அதனால்தான். நீராவி தாங்க முடியாத அளவு பெருகும்போது மேலே உள்ள வெயிட்டைத் தூக்கிக்கொண்டு சீறுகிறது. ஆனால் அடுத்த விசில் எப்போது வரும் என்பது தீயின் வேகம், குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர் என்று எத்தனையோ விஷயங்களைச் சார்ந்தது. பெரிய தீயில் மூன்று விசில் மளமளவென்று வந்துவிடும், பருப்பு வேகாமலே. சிறு தீயில் அதே மூன்று விசிலுக்குள் பருப்பு கூழாகிவிடும். 'முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம்' என்று எழுதும் தளம் கூடுதல் நம்பிக்கைக்கு உரியது. அந்த எழுத்தாளர் விசிலை எண்ணவில்லை, வெப்பத்தை எண்ணுகிறார்.

ஊரின் உயரமும் குறிப்பை மாற்றும். ஏறக்குறைய 300 மீட்டர் மேலே போனால் தண்ணீரின் கொதிநிலை 1 பாகை குறையும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 பாகைக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கும் தண்ணீர்தான், ஆனால் சென்னையின் கொதிநீரைவிடச் சூடு குறைவு. சென்னையில் எழுதிய '15 நிமிடம் வேகவிடவும்' என்ற வரி அங்கே உருளைக்கிழங்கை மென்மையாக்காது. 'கத்தி நுனி தடையில்லாமல் இறங்கும் வரை' என்று எழுதியிருந்தால்? சென்னையிலும் சரி, ஊட்டியிலும் சரி, அந்த வரி தோற்காது. இரண்டாவது இலக்கணம் இதுதான்: நேரத்தோடு அடையாளமும் சொல்லப்பட வேண்டும்.

இட்லி மாவு இதற்கு இன்னும் சிறந்த சாட்சி. அரிசியோடும் உளுந்தோடும் இயற்கையாகவே வரும் நுண்ணுயிர்கள்தான் மாவைப் புளிக்கவைக்கின்றன. அவற்றில் முக்கியமானது லூகோனாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. அது மாவின் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. வாயு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் வழுவழுப்பும். அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் அப்படி உப்பாது. இந்த உயிர்களுக்குக் கடிகாரம் தெரியாது, வெப்பம்தான் தெரியும். சித்திரை வெயிலில் சீக்கிரம் பொங்கும். மார்கழிக் குளிரில் விடிந்தும் அசையாது. 'எட்டு மணி நேரம்' என்பது ஓர் ஊகம். 'மாவு எழும்பி, மேலே குமிழ் தெரிந்து, லேசாகப் புளித்த வாசம் வரும்வரை' என்பதே குறிப்பு.

சோதித்தவர் சொல்வதும் சோதிக்காதவர் சொல்வதும்

ருசி தவறினால் ஒரு வேளை போகும். பதப்படுத்தும் குறிப்பு தவறினால் உயிருக்கே ஆபத்து. காற்றுப் புகாத புட்டியில் வளரக்கூடிய கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா, மிகக் கொடிய நஞ்சை உண்டாக்கும். உணவின் அமிலக் குறியீடு (பிஎச்) 4.6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது வளர முடியாது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது ஆபத்தாவது இதனால்தான். புளிப்பும் இல்லை, காற்றும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையம் இருக்கிறது. புட்டியில் அடைக்க எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்று ஆய்வுகளில் சோதித்த குறிப்புகளை அதன் தளம் இலவசமாகத் தருகிறது. ஒரு நிமிடத்தையும் ஆராய்ந்து எழுதிய குறிப்பு காசில்லாமல் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடை!

இதற்கு எதிர்த் துருவத்தில், யாருமே சமைத்துப் பார்க்காத குறிப்புகள் பெருகுகின்றன. செயற்கை நுண்ணறிவு, கோடிக்கணக்கான வாக்கியங்களில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கற்று எழுதுகிறது. அதற்கு நாக்கும் இல்லை, அடுப்பும் இல்லை. 2023இல் நியூசிலாந்தின் பேரங்காடி ஒன்று, வீட்டில் மிஞ்சிய பொருள்களைச் சொன்னால் குறிப்பு தரும் சேவையை வெளியிட்டது. ஒருவர் வீடு துடைக்கும் ரசாயனங்களின் பெயரைக் கொடுத்துப் பார்த்தார். நச்சு வாயுவை உண்டாக்கும் கலவைக்கு அது மணக்கும் பானம் என்ற ரீதியில் பெயர் சூட்டி, செய்முறையும் எழுதிக் கொடுத்தது. அதன் வாக்கிய அமைப்பில் ஒரு பிழையும் இல்லை. நடையைப் பார்த்து நம்பக் கூடாது. செய்து பார்த்த தடயத்தைத் தேட வேண்டும். இடைநிலைப் படங்கள், 'இந்த இடத்தில் இப்படித் தவறும்' என்ற எச்சரிக்கை, மாற்றுப் பொருள் போட்டால் என்ன ஆகும் என்ற விளக்கம், இவைதான் அந்தத் தடயங்கள்.

மனிதர்கள் சமைத்து எழுதிய குறிப்புகள் குவிந்தால் அதிலிருந்து ஓர் அறிவியலே பிறக்கும். 2011இல் ஆய்வாளர் குழு ஒன்று இரண்டு அமெரிக்கத் தளங்களிலிருந்தும் ஒரு கொரியத் தளத்திலிருந்தும் 56,498 குறிப்புகளைத் திரட்டியது. நாளுக்கு ஒன்று சமைத்தால் முடிக்க 154 ஆண்டுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு பொருளின் மணத்துக்கும் காரணமான வேதிப்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேற்கத்தியச் சமையலில் ஒரே வேதிப்பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும் பொருள்கள் ஜோடி சேர்கின்றன. கிழக்காசியச் சமையலோ அப்படிப்பட்ட ஜோடிகளைத் தவிர்க்கிறது.

நம் சமையல்? 2015இல் ஜோத்பூர் ஐஐடியில் கணேஷ் பாக்லர் குழுவினர், சமையல் எழுத்தாளர் தர்லா தலாலின் தளத்திலிருந்து 2,543 இந்தியக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். தென்னிந்தியா உட்பட எட்டு வட்டாரங்கள், 194 பொருள்கள். பொருள்களைக் குருட்டாம்போக்கில் கலந்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிடவும் குறைவாகவே நம் உணவுப் பொருள்கள் மண வேதிப்பொருள்களைப் பகிர்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டாதவற்றைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறோம்! இந்தத் தனித்தன்மைக்கு முக்கியக் காரணம் மசாலாப் பொருள்கள் என்பதும் தெரியவந்தது. பின்னர் தில்லியில் பாக்லர் பங்கேற்ற குழு, உலகின் 1,18,000க்கு மேற்பட்ட குறிப்புகளை ஒழுங்குபடுத்தி 'ரெசிபிடிபி' என்ற தளமாக 2020இல் வெளியிட்டது. வீட்டுக்காக யாரோ எழுதி வைத்த வரிகள், ஒரு பண்பாட்டின் ரசனைக்கு வரைபடமாகிவிட்டன.

எங்கே தேடுவது, எப்படிக் காப்பது

நல்ல குறிப்பின் மூன்றாவது இலக்கணம் காரணம். ஏன் இப்போது உப்பு, ஏன் மாவை ஊறவிட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு, அடுத்த பத்துச் சமையலுக்கும் உதவும். 2006இல் தொடங்கிய சீரியஸ் ஈட்ஸ் என்ற தளம் இதில் தேர்ந்தது; ஒரே பதார்த்தத்தைப் பல வழிகளில் செய்து ஒப்பிட்டுக் காரணம் சொல்லும். ரொட்டி, கேக் செய்ய விரும்புவோருக்குக் கிங் ஆர்தர் பேக்கிங் தளம். ஒரு கப் எத்தனை கிராம் என்ற பட்டியலையும் தருகிறது. கொங்கு வட்டாரச் சமையலுக்குக் கண்ணம்மா குக்ஸ், தென்னிந்தியச் சைவத்துக்குப் படிப்படியான படங்களோடு ஹெப்பார்ஸ் கிச்சன். யாரும் திருத்தக்கூடிய, விளம்பரமே இல்லாத ஆங்கிலச் சமையல் நூல் விக்கிநூல்களில் இருக்கிறது. அளவு, அடையாளம், காரணம் என்ற மூன்றையும் வைத்து எந்தத் தளத்தையும் நீங்களே உரசிப் பார்க்கலாம்.

பிடித்த குறிப்பைச் சேமித்தும் வையுங்கள். இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்பதில்லை. 2016இல் பிபிசி, செலவைக் குறைக்கத் தன் உணவுத் தளத்தை மூடப்போவதாகச் செய்தி வந்தது. அங்கே இருந்தவை சுமார் 11,000 குறிப்புகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள்; குறிப்புகள் பிழைத்தன. எல்லாத் தளத்துக்கும் அப்படி ஆள் திரளாது. மறைந்துபோன பக்கத்தின் பழைய முகவரி கையில் இருந்தால், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். பழைய நகல் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இணையத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத குறிப்புகள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. 'ஒரு கை உப்பு, கொஞ்சம் புளி' என்று அம்மாவும் அத்தையும் கண்ணளவில் போடுபவை. அவர்கள் கையை நிறுத்தி அளக்க வேண்டியதில்லை. உப்பு ஜாடியை மின்தராசில் வைத்துச் சுழியாக்கிவிடுங்கள். அவர்கள் வழக்கம்போல் அள்ளட்டும். திரையில் கழித்தல் 14 என்று காட்டினால், அந்தக் கை 14 கிராம். புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் எண்ணெய்க்கும் அதேதான். குழம்பை எப்போது இறக்குகிறார்கள் என்று பார்த்து, 'எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது' என்று அடையாளத்தை எழுதுங்கள். ஏன் என்று கேட்டுக் காரணத்தையும் எழுதுங்கள். பிறகு எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போடுங்கள். சட்டம் தடுக்காது, இயந்திரம் படித்துக்கொள்ளும். வேண்டியது அளந்து எழுத ஓர் ஆள்தான்.